மனுதாரர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர்

அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாட்டில் இருக்கும் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள முதலில் போடும் மனு ஐ-130. கூப்பிடுகிறவர் மனுதாரர், வருகிறவர் பயனாளி. மனுதாரர் ஆணா பெண்ணா என்று கேட்டு ஒரு கேள்வி இருக்கும். பதில் எதுவாக இருந்தாலும் மனு ஒரே வழியில்தான் போகும், ஒரே வரிசையில்தான் நிற்கும். இன்றைக்கு இது யார் கண்ணிலும் படாத விஷயம். ஆனால் அமெரிக்கப் பொதுச் சட்டப்படி ஒரு பெண் தன் வெளிநாட்டுக் கணவனை ஓர் ஆணுக்குச் சமமாக அழைத்துக்கொள்ள முடிந்தது 1952-க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய நாற்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ பெண்கள் நாட்டையும் வாக்கையும் வீட்டையும் இழந்திருக்கிறார்கள்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். குடியுரிமை வாங்கிய பிறகு பொறையாற்றுப் பக்கம் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டேன். கல்யாணம் முடிந்த வாரம் ஊரில் வந்தவர் போனவர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மாப்பிள்ளை உன்னை எப்பம்மா அமெரிக்கா கூட்டிட்டுப் போறாரு?"

"நான்தான் சித்தி அவரைக் கூட்டிட்டுப் போறேன். மனு என் பேர்லதான்."

சித்தி என் கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் நம்பினாள். கணவன் இருக்கும் இடத்துக்கு மனைவி போவதுதான் முறை என்று சித்தி மட்டும் நினைக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமும் அப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தது. அதைச் சட்டமாகவே எழுதியும் வைத்திருந்தது.

1907 மார்ச் 2-ஆம் தேதி வந்த ஒரு சட்டப்படி, வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் அந்த நிமிடமே குடியுரிமை இழந்தாள். அவள் கடல் தாண்டிப் போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிறந்த தெருவிலேயே குடியிருந்தாலும் அவள் கணவனின் நாட்டுக்காரி. அமெரிக்க ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் கதை தலைகீழ்: பெரும்பாலும் அவள் தானாகவே அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடுவாள்.

கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்த எத்தல் மெக்கன்சி 1909-இல் ஒரு ஸ்காட்லாந்துப் பாடகரை மணந்தார். 1911-இல் அந்த மாநிலம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அதற்காக உழைத்தவர்களில் எத்தலும் ஒருவர். 1913-இல் சான் பிரான்சிஸ்கோவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனபோது, நீ இந்த நாட்டுக்காரியே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915 டிசம்பரில் வந்த தீர்ப்பு, வெளிநாட்டவரைத் தெரிந்தே மணந்ததன் மூலம் அவர் தாமாகவே குடியுரிமையைக் கைவிட்டுவிட்டார் என்றது. ஓர் ஆண் செய்தால் கல்யாணம், பெண் செய்தால் நாடு துறத்தல் என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்கு கிடைத்த இரண்டு ஆண்டுகளில், 1922 செப்டம்பரில், கேபிள் சட்டம் வந்தது. வெளிநாட்டவரை மணந்தாலும் குடியுரிமை போகாது என்றது. ஆனால் ஒரு விலக்கு வைத்தது: கணவன் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாத இனத்தவனாக இருந்தால் மனைவியின் குடியுரிமை போய்விடும். வெள்ளையர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சத்தினருக்கும் மட்டுமே குடியுரிமை என்று இருந்த காலம் அது. சீனரும் ஜப்பானியரும் ஏற்கெனவே வெளியே. இந்தியர்கள் கதை 1923 பிப்ரவரி 19 அன்று முடிந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் என்ற சீக்கியருக்குக் குடியுரிமை கிடையாது, இந்தியர்கள் வெள்ளையர் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள்.

வங்காளப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸை மணந்த மேரி தாஸ் இந்த விலக்கில் மாட்டினார். பல தலைமுறைகளாக அமெரிக்காவில் வேரூன்றிய வெள்ளையர் குடும்பத்துப் பெண். கடவுச்சீட்டு கேட்டபோது கிடைக்கவில்லை. இந்தியரைக் கட்டிக்கொண்டதால் அமெரிக்கரும் இல்லை, வேறு எந்த நாடும் அவரைத் தன் குடிமகளாக ஏற்கவும் இல்லை. 1926-இல் 'தி நேஷன்' இதழில் நாடற்ற பெண்ணாகத் தாம் நிற்பதைப் பற்றி அவரே கட்டுரை எழுதினார். அந்த விலக்கை 1931-இல்தான் நீக்கினார்கள். நான் மணந்திருப்பதும் ஓர் இந்தியரைத்தான். மேரி தாஸ் கதையைப் படித்த அன்று, மனுவோடு வைப்பதற்காக எடுத்துவைத்த என் குடியுரிமைச் சான்றிதழின் நகலை வேறு கண்ணோடு பார்த்தேன்.

இன்று நாம் நிரப்பும் மனுவின் மூதாதை 1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் பெரும்பாலான பயணிகளுக்குச் சோதனை துறைமுகத்தில்தான். எல்லிஸ் தீவில் இறங்கிய பிறகு உள்ளே விடுவதா கப்பலில் திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். 1924 சட்டம் அந்த வாசலைக் கடலுக்கு அப்பால் தூக்கிக்கொண்டுபோய் வைத்தது. புறப்படும் ஊரிலேயே தூதரக அதிகாரியிடம் விசா வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 1 டாலர், விசாவுக்கு 9 டாலர். உறவினரை அழைக்கும் குடிமகன் சத்தியம் செய்து மனு கொடுக்க வேண்டும். அவரைக் குறைந்தது ஓராண்டாக நேரில் அறிந்த, பொறுப்புள்ள அமெரிக்கக் குடிமக்கள் இருவராவது, மனுவில் சொன்னது உண்மை, இவரால் வருகிறவரைக் காப்பாற்ற முடியும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்து என்னோடு இரவுப் பணி பார்க்கும் இரண்டு தோழியர் எங்கள் கல்யாணம் உண்மையானது என்று கையெழுத்திட்ட கடிதங்களை நான் ஃபைலில் வைத்தபோது, அந்தப் பழைய சட்டத்தின் கை அதில் இருந்தது.

அந்தச் சட்டத்திலும் ஆண் பெண் பாகுபாடு அப்படியே நின்றது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு பேர் என்று ஒதுக்கீடு வைத்தார்கள். குடிமகனின் மனைவி ஒதுக்கீட்டுக்கு வெளியே, உடனே வரலாம். குடிமகளின் கணவன் ஒதுக்கீட்டுக்குள் காத்திருக்க வேண்டும். 1928-இலும் 1932-இலும் கொஞ்சம் தளர்த்தினார்கள். இன்ன தேதிக்கு முன் கல்யாணம் ஆகியிருந்தால் கணவனும் ஒதுக்கீட்டைத் தாண்டி வரலாம் என்று தேதி குறித்தார்கள். தேதிக்குப் பிறகு தாலி ஏறியவளுக்குப் பழைய வரிசைதான். இதுவும் குடியுரிமைக்குத் தகுதியான இனத்துக் கணவர்களுக்குத்தான். இந்தியா 1917-லேயே தடை செய்யப்பட்ட ஆசியப் பகுதிக்குள் வந்துவிட்டதால், அமெரிக்கப் பெண்ணின் இந்தியக் கணவனுக்கு வரிசையே கிடையாது. ஆண்களும் தப்பவில்லை. அமெரிக்காவில் பிறந்த சீன வம்சாவளிக் குடிமகன்கூட சீனாவிலிருந்து மனைவியை அழைக்க முடியாது என்று 1925-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி போட்ட பஞ்சாபி விவசாயிகள் ஊரிலிருந்து பெண் கொண்டுவர வழியில்லாமல் மெக்சிகோ நாட்டுப் பெண்களை மணந்தார்கள். வெவ்வேறு இனத்தவர் மணக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால், இருவருக்கும் நிறம் ஒன்றுதான் என்று எழுதி உரிமம் கொடுத்த எழுத்தர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

மனுவின் இன்னொரு பாதி சந்தேகம். கல்யாணம் உண்மையா, விசாவுக்காகக் கட்டிய வேஷமா என்ற கேள்வி. இதற்கு வயது இன்னும் அதிகம்.

1875-இல் வந்த பேஜ் சட்டம், பாலியல் தொழிலுக்காகக் கீழை நாடுகளிலிருந்து பெண்களைக் கொண்டுவருவதைத் தடுப்பதாகச் சொன்னது. நடைமுறையில் ஹாங்காங்கில் கப்பல் ஏறும் ஒவ்வொரு சீனப் பெண்ணும், கணவனிடம் போகிறவளும் கூட, தான் ஒழுக்கமானவள் என்று அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியதாயிற்று. விசாரணை முடிந்ததும் அவள் புகைப்படத்தை முன்கூட்டியே சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு அனுப்பி, இறங்குகிறவள் முகத்தோடு ஒப்பிட்டார்கள். தூதரகக் கண்ணாடி ஜன்னல், அதற்கு முன்னால் புகைப்படத்தோடு நிற்கும் பெண், உள்ளே கேள்வி கேட்கும் அதிகாரி என்று நமக்குப் பழகிப்போன காட்சியை முதலில் அனுபவித்தவர்கள் அந்தச் சீனப் பெண்கள்.

அடுத்து ஜப்பானிலிருந்து வந்த புகைப்பட மணமகள்கள். அமெரிக்காவில் கூலி வேலை பார்த்த ஜப்பானியருக்கு ஊரில் பெண் பார்த்து, படங்களை மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளை இல்லாமலே குடும்பப் பதிவேட்டில் எழுதிக் கல்யாணத்தை முடித்தார்கள். ஜப்பானியச் சட்டப்படி அது முழுமையான கல்யாணம். சான் பிரான்சிஸ்கோவிலும் ஹோனலூலுவிலும் கையில் படத்தை வைத்துக்கொண்டு கணவன் முகத்தைத் தேடியபடி அந்தப் பெண்கள் இறங்கினார்கள். சில படங்கள் பத்து வருடம் பழையவை, சில வேறு ஆளுடையவை. அமெரிக்க அதிகாரிகள் அந்தக் கல்யாணத்தை ஏற்காமல் 1917 வரை துறைமுகத்திலேயே கூட்டம் கூட்டமாக மறுபடி மணம் செய்துவைத்தார்கள். எதிர்ப்பு முற்றியதால் 1920-இல் ஜப்பான் அரசே புகைப்பட மணமகள்களுக்குக் கடவுச்சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டது. 1924 சட்டம் ஆள் இல்லாத கல்யாணம், புகைப்படக் கல்யாணம் இரண்டும் கணக்கில் வராது என்று எழுதியது. அந்த விதி இன்றும் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் தொலைபேசியிலோ காணொளியிலோ நிக்காஹ் முடித்தால், அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டாதவரை மனு செல்லாது. வளைகுடாவில் மாப்பிள்ளையும் ஊரில் பெண்ணும் இருக்க நிக்காஹ் நடத்தும் குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. அமெரிக்க மாப்பிள்ளை என்றால் இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை குடியேற்ற நிலையம் இயங்கியது. சீனப் பெண்ணையும் அவள் கணவனையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்பார்கள்: வீட்டுக்கு எத்தனை வாசல்? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது? உன் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்? கிணறு எந்தப் பக்கம்? இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். இன்றும் அமெரிக்காவுக்குள்ளிருந்தே விண்ணப்பிக்கும் தம்பதியர்மேல் சந்தேகம் வந்தால், தனித்தனி அறையில் உட்காரவைத்து, கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்பது உண்டு.

எங்களுக்கு மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். இந்தியர்களின் குடியேற்ற விசாவுக்குப் பெரும்பாலும் அங்கேதான் போக வேண்டும். அதற்கு முன்னால் கல்யாணத்துக்கு ஆதாரம் சேர்க்கும் வேலை. எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். ஹோமம் இல்லை, மந்திரம் இல்லை. மாலை மாற்றி, உறுதிமொழி படித்து, தாலி கட்டினோம். ஆல்பத்தைப் புரட்டிய மாமனாருக்கு உள்ளூர உதறல். "நெருப்பே இல்லையேம்மா. சினிமாவுல பாத்தது எதுவும் இதுல இல்ல. அமெரிக்காக்காரன் கல்யாணம்னு நம்புவானா?"

அவர் பயம் வீண்பயம் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றமே சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான், முன்பு நடந்தவையும் சேர்த்து, அந்தக் கல்யாணங்கள் நிலைபெற்றன. கல்யாணம் நடந்த ஊரின் சட்டப்படி செல்லுமா என்பதைத்தான் அமெரிக்கக் குடியேற்றத் துறை முதலில் பார்க்கிறது. எங்களுக்கு 7-ஏ இருந்தது, சார் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய பதிவுச் சான்றிதழ் இருந்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கோயிலில் கொடுக்கும் ரசீது இதற்கு ஈடாகாது.

ஆல்பத்தைவிட எனக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது மொய் நோட்டு. நீளமான கோடு போட்ட நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவிய முதல் பக்கம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்று மூன்று பத்தி. திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில், காரைக்கால் என்று வரிசையாக ஊர்கள். எழுதினவர் என் கணவரின் பெரியப்பா. பெயர் எழுதும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்று "டெய்லர்", "பால்காரர் மகன்" என்றெல்லாம் சேர்த்து எழுதியிருந்தார். நான் சில பக்கங்களை நகலெடுத்து, ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர்ப்பாளர் சான்றும் வைத்து அனுப்பினேன். வேஷத்துக்காக நடத்தும் கல்யாணத்துக்கு யாரும் திருப்பிச் செய்ய வேண்டிய கடனை ஊர் வாரியாகக் கணக்கெழுதி வைக்கமாட்டார்கள். அந்த அதிகாரி அதைப் படித்தாரா தெரியாது. என் மனுவில் இருந்தவற்றிலேயே மிக உண்மையான காகிதம் அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

கணவரின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்த இடம் காலி, ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் பாதி வீட்டில் இந்தக் கதைதான். பெயர் சேர்க்க நகராட்சியில் மனுப் போட வேண்டும். கடவுச்சீட்டில் இன்ஷியலை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போடாவிட்டால், முதல் பெயர் தெரியவில்லை என்று விசாவில் அச்சாகி வரும். பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அது துரத்தும். இவையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவைக்கக்கூடிய வேலைகள்.

பொறையாற்றிலிருந்து தில்லையாடி கூப்பிடு தூரம். அங்கே வள்ளியம்மை நினைவு மண்டபம் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் அவரைச் சிறை சென்ற சிறுமியாகப் படித்திருக்கிறோம். எதற்காகச் சிறை சென்றார் என்பது மனைவியை அழைத்து வரும் காகிதத்தோடு சம்பந்தப்பட்டது என்பதைப் பாடம் அழுத்திச் சொல்வதில்லை. 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவில் கேப் மாகாண நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். ஹசன் எசோப் என்ற இந்தியர், தம் மனைவி பாய் மரியத்தை ஊரிலிருந்து அழைத்துவந்தபோது அவரை இறங்கவிடவில்லை. குடியிருப்பவரின் மனைவி வரலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்குப்படி நடந்தது அந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமே இல்லை, ஆகையால் அவள் மனைவி இல்லை என்றார் நீதிபதி. ஒரே தீர்ப்பில் அங்கே இருந்த இந்து, முஸ்லிம், பார்சி மனைவிகள் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் ஆசை நாயகிகள் ஆனார்கள், பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள் ஆனார்கள்.

காந்தி பெண்களைப் போராட்டத்துக்கு அழைத்தது இதற்குப் பிறகுதான். டிரான்ஸ்வாலிலிருந்து பதினோரு பெண்கள், பெரும்பாலோர் தமிழர், சிலர் கைக்குழந்தையோடு, அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நியூகாசில் போனார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தார்கள். மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, தாயின் ஊரான தில்லையாடியைக் கண்ணாலும் பார்த்திராத வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் இறந்தார். அந்த ஆண்டின் நடுவில் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவி உள்ள இந்தியக் கல்யாணங்களை ஏற்றுக்கொண்டது. வரி ஒழிப்பும் வேறு கோரிக்கைகளும் அந்தப் போராட்டத்தில் உண்டு. ஆனால் அந்தப் பெண்களை வீட்டை விட்டு இறக்கியது, நீ உன் புருஷனுக்கு மனைவி இல்லை என்று ஓர் அந்நியன் சொன்ன சொல்தான்.

அமெரிக்காவில் மாற்றம் இரண்டாம் உலகப் போரினால் வந்தது. கடல் கடந்து போன வீரர்கள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் மனைவிமாரை ஒதுக்கீட்டு வரிசையிலும் விசா வரிசையிலும் நிறுத்த எந்த அரசியல்வாதிக்கும் துணிவில்லை. 1945 டிசம்பர் 28-இல் போர் மணமகள் சட்டம் கையெழுத்தானது. மனைவி என்று குறிப்பிடாமல், படையில் பணியாற்றிய குடிமக்களின் வாழ்க்கைத் துணைகள் என்று பொதுவாக எழுதியிருந்ததால், படையில் இருந்த பெண்களின் கணவர்களும் அதற்குள் வந்தார்கள். 1946 ஜனவரியில் சவுத்தாம்ப்டனிலிருந்து 'அர்ஜென்டினா' கப்பல் புறப்பட்டபோது அதில் 450-க்கும் அதிகமான மணப்பெண்கள், நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள், ஒரே ஒரு மணமகன். அந்த ஓர் ஆளை நான் மிகவும் யோசித்திருக்கிறேன். என் கணவர் வந்த வழியில் அவருக்கு முன்னால் போனவர். ஆசியர்கள் பலருக்கு அந்தச் சட்டமும் திறக்கவில்லை. அதற்கு 1947 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே சட்டத்தின் கீழ் வந்த எலன் நாஃப் என்ற பெண்ணின் கதையையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லரிடமிருந்து தப்பி, இங்கிலாந்து விமானப் படையில் பணியாற்றியவர். ஓர் அமெரிக்கரை மணந்து 1948 ஆகஸ்டில் நியூயார்க் வந்தார். எல்லிஸ் தீவில் நிறுத்திவிட்டார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றார்கள். என்ன ஆபத்து என்று சொல்லவில்லை, விசாரணையும் இல்லை. 1950-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், காரணம் சொல்லாமல் தடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. பத்திரிகைகள் அவருக்காக எழுதின, கணவர் ஓயாமல் மனுப் போட்டார். கடைசியில் விசாரணை நடந்து, சாட்சியம் செல்லாது என்றாகி, 1951 நவம்பரில்தான் அவர் கரை இறங்கினார். தீர்ப்பு மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் பெண் பாகுபாட்டை எடுத்தது, இனத் தடையையும் எடுத்தது. 1965 அக்டோபரில் நாட்டு ஒதுக்கீடும் போனது. எந்த நாட்டவரானாலும் குடிமக்களின் கணவன் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை.

ஆனால் அழைக்கிறவர் கையெழுத்தின் அதிகாரம் வேறு வடிவில் திரும்பியது. 1986-இல் போலிக் கல்யாணங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. குடியேற்ற மனுவுக்கு அடிப்படையான கல்யாணங்களில் முப்பது சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று குடியேற்றத் துறை நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தது. அந்தக் கணக்கு ஆதாரமற்றது என்பது பிறகு தெரிந்தது. சட்டம் நின்றுவிட்டது. கல்யாணமாகி இரண்டு ஆண்டுக்குள் வருகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மட்டுமே கிரீன் கார்டு. அது முடியும் முன் தம்பதியர் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு மறுபடி மனுப் போட வேண்டும். அடிக்கிற கணவன் அந்தக் கையெழுத்தை வைத்தே மனைவியை மிரட்ட முடிந்தது. வாயைத் திறந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டலை நம் பெண்களும் கேட்டிருக்கிறார்கள். பெண்கள் அமைப்புகள் போராடிய பிறகு 1990-இல் கொடுமைக்கு உள்ளானவர் தனியே மனுப் போடலாம் என்று வழி வந்தது. 1994-இல் வந்த பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவன் ஐ-130 போடவே மறுத்தாலும், அவனுக்குத் தெரியாமல் மனைவி தானே மனுப் போட வழி செய்தது. மருத்துவமனையில் காயத்தோடு வரும் பெண்களிடம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலோருக்குத் தெரியாது.

கடைசிக் காகிதம் ஐ-864. வருகிறவர் அரசுக்குச் சுமையாகமாட்டார் என்பதற்கான உறுதிமொழி. சுமையாகக் கூடியவரைத் தடுப்பது 1882 முதலே சட்டத்தில் உண்டு. 1996-இல் வந்த ஒரு சட்டத்துக்கு முன்பு இந்த உறுதிமொழி பெரும்பாலும் காகிதத்தளவில் இருந்தது. இப்போது அது நீதிமன்றத்தில் நிற்கும் ஒப்பந்தம். மனுதாரர் வறுமைக் கோட்டு வருமானத்தின் 125 சதவீதம் காட்ட வேண்டும். வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் பத்து ஆண்டு வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும் வரை, இல்லை இறக்கும் வரை அந்தப் பொறுப்பு ஓடும். விவாகரத்தால் அது முடிவதில்லை. கையெழுத்திடும் முன்பு முழுதும் படிக்க வேண்டும். வந்து சேர்ந்த மனைவியும் ஒரு நகலைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 ஏப்ரலில் ஐ-130 கட்டணம் தாளில் அனுப்பினால் 675 டாலர், இணையத்தில் 625 என்று ஆனது. அதே ஆண்டு ஜூன் 21 அன்று, சான்ட்ரா முன்யோஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல் சால்வடாரைச் சேர்ந்த அவர் கணவருக்கு, உடம்பில் இருந்த பச்சைகுத்தல் உள்ளிட்டவற்றை வைத்து ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவர் என்று சந்தேகித்து விசா மறுத்திருந்தார்கள். வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ உள்ளே அனுமதிக்கக் கோருவது குடிமக்களின் அடிப்படை உரிமை இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. எலன் நாஃப் வழக்கு அதில் மேற்கோளாக நின்றது.

ஆகவே எங்கள் மனு நிறைவேறியது அரசியலமைப்பின் பலத்தில் இல்லை. 1952-இலும் 1965-இலும் நாடாளுமன்றம் எழுதிய வரிகளின் பலத்தில். அந்த வரிகளை எழுதிய சபைக்கு அவற்றை மாற்றவும் அதிகாரம் உண்டு. அமெரிக்காவில் குடியுரிமை வாங்கியும் வாக்காளராகப் பதிவு செய்யாத தமிழர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அடுத்த தேர்தலுக்கு முன் பதிவு செய்யுங்கள்.